ஜோசஃபுக்குக் காரணம் சொல்லிவிடாதீர்கள்: ‘க்ரீப்’ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேட்ரிக் பிரைஸ், மார்க் டூப்ளாஸ் இருவருக்கும், ‘க்ரீப்’ படங்களிலும் தொடரிலும் உழைத்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

‘க்ரீப்’ திகில் படத்தில் பேட்ரிக் இயக்க, மார்க் நடிக்க, நீங்கள் உருவாக்கிய கொலைகாரன் ஜோசஃபைப் பாராட்டவும், அவன் விஷயமாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளவும் இந்த மடலை எழுதுகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரட்டும். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லாமல் இவனைப் பற்றிப் பேச வழியில்லை.

நான் கேமரா தூக்கிப் பிழைக்கிறவள். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குக் கேமராப் பையோடு போய், அவர்கள் சொல்கிறபடி நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு திரும்புவது என் தொழில். அதனால் ஜோசஃபுக்காகக் கூலிக்குக் கேமரா பிடிக்க ஆரன் காரில் மலை ஏறி வருகிற அந்த முதல் காட்சி எனக்குத் திகில் படமாகவே தெரியவில்லை. வழக்கமான ஒரு வேலை நாளாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் வேலைக்கு ஆயிரம் டாலர் என்று விளம்பரம். என்ன வேலை என்று தெளிவாக இல்லை. விஷயம் வெளியே போகாமல் இருந்தால் நல்லது என்று ஒரு குறிப்பு மட்டும். இதைவிடக் குறைந்த தகவலோடு இதைவிடத் தொலைவுக்குப் போய் வந்தவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படங்களை, அதாவது கதாபாத்திரங்களே எடுத்து, பிறகு யாரோ கண்டெடுத்த பதிவு போலக் காட்டப்படுகிற படங்களை, தேடித் தேடிப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் பயமுறுத்துகிறவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் கண்ணில் பட மாட்டார். 1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தில் சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யில் கதவு தானாக அசையும், போர்வை விலகும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கேமரா ஆடும், வெளிச்சம் போதாது, முக்கியமான நேரத்தில் கேமரா வேறு பக்கம் திரும்பிவிடும். மறைப்பதுதான் இந்த வகையின் பலம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், நீங்கள் வில்லனைப் பட்டப்பகலில், லென்ஸுக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். சிரித்த முகம். கட்டிப்பிடிக்க நீட்டிய கைகள். படம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அவனைப் பற்றி ஒரு தகவல்கூட உறுதியாகத் தெரியாமல் எழுந்து போகிறோம்.

இந்த வகைப் படங்களைப் பார்க்கிற எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஏன் கேமராவை அணைக்காமல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்? அப்புறம், இந்தப் பதிவு யார் கையில் கிடைத்தது, யார் அதை வெட்டிச் சேர்த்து நமக்குக் காட்டுகிறார்கள்? முதல் கேள்விக்கு ஏதாவது ஒரு சமாதானமும், இரண்டாவதற்குப் படத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி எழுத்தும் போட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். நீங்கள் இரண்டு கேள்விக்கும் ஜோசஃபையே பதிலாக வைத்தீர்கள். ஆரன் கேமராவை இறக்கி வைக்காததற்குக் காரணம், அவனுக்குக் கூலியே அதற்குத்தான். பணம் கொடுக்கிறவர் ‘இதையும் எடு’ என்று சொல்லும்போது, எதற்கு என்று கேட்காமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்துகிற பழக்கம் என் விரலுக்கும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கான பதிலைக் கடைசிவரை ஒளித்து வைத்தீர்கள். அலமாரிக் கதவு திறக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக நாடாக்கள், டிவிடிகள், அவற்றின் மேல் பெயர்கள். ஆரனுடையதும் அங்கே போய்ச் சேர்கிறது. நாம் பார்த்தது தொலைந்துபோய் யாரோ கண்டெடுத்த பதிவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. கொன்றவன் பத்திரமாகச் சேர்த்து வைத்தது அது. அவன் போட்டுப் பார்த்து ரசிக்கிறதை நாமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்திருக்கிறோம். இந்த வகையில் நான் பார்த்த எந்தப் படமும் தன் வடிவத்தையே இவ்வளவு நேர்மையாக வில்லன் கையில் ஒப்படைத்ததில்லை.

சரி, ஜோசஃபுக்கு வருகிறேன்.

வீட்டில் ஆள் இல்லையென்று ஆரன் காரிலேயே காத்திருக்கும்போது கண்ணாடியைத் தட்டிக்கொண்டு திடீரென்று முன்னால் வந்து நிற்கிறான். அடுத்த நிமிடம் மன்னிப்பு, அதற்கடுத்து அணைப்பு. மூளையில் கட்டி, இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் என்கிறான். மனைவி கர்ப்பம், குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, அதனால் அவனுக்காக ஒரு வீடியோ வேண்டும் என்கிறான். இதைக் கேட்டுவிட்டு யாரால் சந்தேகப்பட முடியும்? சாகப்போகிற ஒருவனைப் பார்த்து நீ கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறாய் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த ஒரு பொய்யால், நாள் முழுக்க ஆரனுக்கு வரப்போகிற எல்லாச் சந்தேகங்களுக்கும் முன்கூட்டியே குற்ற உணர்வைப் பூசிவிடுகிறான்.

அவன் எடுக்கச் சொல்கிற முதல் காட்சி குளியல் தொட்டியில். இல்லாத குழந்தையைக் கையில் ஏந்திக் குளிப்பாட்டுகிறான். கொஞ்சுகிறான். பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தப்பு என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஒரு தகப்பன் தன் மகனுக்கு விட்டுப் போகிற நினைவுதானே என்று நாமே நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். பிறகு அவன் முகம் சோர்கிறது, உயிரை விட்டுவிடப் போகிறவன் போல நீருக்குள் அமிழ்கிறான், நேரம் போகிறது, ஆரன் பதறுகிறான், ஜோசஃப் திடீரென்று வெளியே பாய்ந்து சிரிக்கிறான். மறுபடியும் விளையாட்டாம். என்னைப் பொறுத்தவரை படத்தின் முழு இயக்கமும் இந்தத் தொட்டிக் காட்சியில் இருக்கிறது. கூச்சம், இரக்கம், பயம், சிரிப்பு, மன்னிப்பு. இந்த ஐந்தையும் அவன் மாற்றி மாற்றி ஊட்டுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் ஆரன் பொறுத்துக்கொள்கிற அளவு கொஞ்சம் கூடுகிறது. இதைப் பெண்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கிறேன். தோளில் கை வைத்துவிட்டு, முகம் சுளித்தால் ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று சிரிக்கிறவர்களை நாங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்து வருகிறோம்.

இந்தப் படத்தில் திடுக்கிட வைக்கிற இடங்கள் அதிகம், அது மலிவான உத்தி என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கடுமையாக வேறுபடுகிறேன். மற்றப் படங்களில் ஜம்ப் ஸ்கேர் இயக்குநருடையது: இசையைக் கூட்டி, காட்சியைச் சட்டென்று வெட்டி, பார்வையாளரை அவர் பயமுறுத்துகிறார். இங்கே பின்னணி இசையே கிடையாது. பயமுறுத்துகிறவன் ஜோசஃப். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து கத்துவது அவனுடைய பொழுதுபோக்கு. கத்திய பிறகு அவன் கண்களைக் கவனித்தால் தெரியும், எதிராளியின் முகத்தில் என்ன மாறுகிறது என்று ஒரு விநாடி ருசித்துப் பார்க்கிறான். அந்த எதிராளியின் முகம் இருக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

ஓநாய் முகமூடியான பீச்ஃபஸ்ஸை நீங்கள் அறிமுகப்படுத்திய விதம் இன்னொரு ஆச்சரியம். படத்துக்கே முதலில் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தீர்கள். அது என்னவென்று பார்வையாளர்கள் ஆரம்பத்திலிருந்தே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று பிறகு மாற்றினீர்கள். நல்ல முடிவு. முகமூடி முதலில் நமக்குக் காட்டப்படுவது ஒரு விளையாட்டுச் சாமானாக, குழந்தைப் பாட்டோடு. அவன் அதை மாட்டிக்கொண்டு பாடி ஆடுகிறான், நமக்குச் சிரிப்பும் அசௌகரியமும் சேர்ந்து வருகின்றன. பிறகு இரவில் அதே முகமூடி வாசற்கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது. பாட்டு இல்லை. மூச்சும் உறுமலும் மட்டும். அவன் ஆரன் மேல் பாயவில்லை, விரட்டவில்லை. கதவில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, போக விடாமல் நிற்கிறான், அவ்வளவுதான். வழக்கமாக இந்த வகைப் படங்களில் முகமூடி விலகும்போது உண்மை முகம் தெரியும். இவனுடைய உண்மை முகம் முகமூடிக்குள் இருக்கும்போதுதான் வெளிப்படுகிறது, பகல் முழுக்கப் பேசிச் சிரித்ததுதான் வேஷம் என்று அந்த வாசலில் நின்றுகொண்டு எனக்குத் தோன்றியது.

அதற்கு முன்னால் அந்த இருட்டுக் காட்சி. கேமராவை அணைக்கச் சொல்கிறான். திரை கறுத்துவிடுகிறது; ஒலி மட்டும் ஓடுகிறது. தன் மனைவிக்கு, அதே ஓநாய் முகமூடியை மாட்டிக்கொண்டு, தான் செய்த கொடுமையைச் சொல்கிறான். அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை. ஒரு பெண்ணாக எனக்கு அது படத்திலேயே தாங்க முடியாத பகுதி, ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடலாமா என்று நினைக்க வைக்கிற பகுதி. ஆனாலும் அதைக் காட்சியாக எடுக்காமல் ஒரு குரலாக மட்டும் விட்டதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. நம் கண்ணை வேறு எதன் மேலும் ஒட்டவைக்க வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில், மனைவி என்று அவன் சொல்லியிருந்த ஏஞ்சலாவின் தொலைபேசி வருகிறது. அவள் மனைவி இல்லை, அவனுடைய சகோதரி; அந்த வீட்டை விட்டு உடனே வெளியேறு என்று ஆரனிடம் சொல்கிறாள். அப்படியென்றால் இருட்டில் கேட்டது நடந்ததா, அல்லது ஒரு கேமராக்காரனின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகக் கட்டிய கதையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தக் காட்சியின் விஷம்.

உணவகத்துக் காட்சியையும் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். வெட்கப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல் என்று ஆரனிடம் கேட்கிறான். ஆரன் சின்ன வயதில் தன்னை அறியாமல் சிறுநீர் கழித்துவிட்ட அவமானத்தைச் சொல்கிறான். பதிலுக்கு ஜோசஃப், நீ வந்து இறங்கியபோதே ஒளிந்திருந்து உன்னைப் புகைப்படம் எடுத்தேன் என்று ‘ஒப்புக்கொள்கிறான்’. ஒரு குழந்தையின் அவமானமும் ஒரு வேட்டைக்காரனின் வேவும் சரிசமமான இரண்டு ரகசியங்கள் போல மேஜை மேல் வைக்கப்படுகின்றன. நீ உன்னுடையதைச் சொன்னாய், நான் என்னுடையதைச் சொன்னேன், கணக்கு நேராகிவிட்டது என்பது போல. ஆரனால் கோபப்பட முடியவில்லை. மனம் திறந்து பேசியவனிடம் எப்படிக் கோபப்படுவது?

இங்கேதான் மார்க், உங்கள் நடிப்பின் மூலத்தை நான் பார்க்கிறேன். 2005-இல் ‘தி பஃபி சேர்’ எடுத்த நாளிலிருந்து நீங்களும் உங்கள் அண்ணன் ஜேயும், உணர்ச்சிகளை மூடி மறைக்காமல் தயங்கித் தயங்கிப் பேசுகிற மனிதர்களைப் படமாக்கினீர்கள். ‘சேஃப்ட்டி நாட் கேரன்டீட்’ படத்தில் நீங்கள் நடித்த விசித்திரமான மனிதனை எல்லோருக்கும் பிடித்தது. அந்தப் பழகின முகத்தையும், அந்தத் தயங்கிய குரலையும், மனம் திறக்கிற அந்தப் பாணியையும் அப்படியே எடுத்து ஒரு கொலைகாரனுக்குக் கொடுத்தீர்கள். குரலை மாற்றவில்லை, கண்ணை உருட்டவில்லை. சிரிப்பு முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி அரை விநாடி நீடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்தமாக எழுதிய வசனம் இல்லாமல், கதைக் குறிப்பை வைத்துக்கொண்டு பேசிப் பேசி உருவாக்கிய படம் என்பது அதில் நன்றாகத் தெரிகிறது. கேமராவுக்குப் பின்னால் ஆரனாக நிற்கிற நடிகரேதான் இயக்குநரும், அதுவும் அவருடைய முதல் படம். பேட்ரிக், உங்கள் கை சில இடங்களில் பின்வாங்குகிறது, சில இடங்களில் ஆர்வத்தோடு முன்னே போகிறது. கேமரா பிடிக்கிறவளாகச் சொல்கிறேன், அந்தத் தயக்கம் கையிலேயே தெரிகிறது, அதைப் பயிற்சி செய்து கொண்டுவர முடியாது.

ஜோசஃபுக்கு ஆயுதம் கோடரி என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டு வாசலிலேயே அது மரக்கட்டையில் குத்தி நிற்பதை ஆரன் முதலிலேயே பார்த்துவிடுகிறான். ஆனால் அவன் உண்மையில் நம்பியிருக்கிற ஆயுதம் நம்முடைய தாட்சண்யம். எதிரில் நிற்கிறவர் மனம் கோணக் கூடாது என்று நாம் விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு அங்குலத்தையும் அவன் எடுத்துக்கொள்கிறான். ஆரன் முட்டாள் இல்லை. அவனுக்குச் சந்தேகம் வருகிறது, பயம் வருகிறது, ஜோசஃப் குடிக்கிற விஸ்கியில் தூக்க மருந்தைக்கூடக் கலக்கிறான். இருந்தும் ஒரு தடவைகூட முகத்துக்கு நேராக, போதும், நான் கிளம்புகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடக்க அவனால் முடியவில்லை. நஞ்சு ஊற்றுவதைக் கண்ட பிறகும் வாங்கிக் குடிக்கிற நயத்தக்க நாகரிகம் அவனுக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பெரிய குணம் என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள், அதனால்தான் எனக்கு இந்தப் படம் வேறு எந்தத் திகில் படத்தையும்விட நெருக்கமாக வந்து உட்கார்ந்தது.

வீடு திரும்பிய பிறகும் வீடியோக்கள் வருகின்றன. ஒரு பொட்டலத்தில் கத்தியும், ஓநாய் பொம்மையும், இருவரின் முதலெழுத்து பொறித்த லாக்கெட்டும் வருகின்றன. போலீஸில் புகார் கொடுக்க ஆரனிடம் உறுதியான ஒரு தகவலும் இல்லை. கடைசியில் ஏரிக்கரைக்கு வந்து சந்திக்கச் சொல்லி அழைப்பு. அவன் போகிறான்! காரில் கேமராவை வைத்துவிட்டு, ஏரியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்காருகிறான். தூரத்திலிருந்து, அசையாத ஒரே ஷாட். பெரும்பாலும் ஆடிக்கொண்டே இருந்த கேமரா இங்கே சும்மா இருக்கிறது, அதைத் திருப்பக்கூட யாரும் இல்லை. பின்னாலிருந்து நீளக் கோட்டோடு ஜோசஃப் வருகிறான். முகமூடியை எடுத்து மாட்டுகிறான். கோடரியை ஓங்குகிறான். ஆரன் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் பேசுகிற பேச்சுதான் இந்தக் கதாபாத்திரத்தை எனக்கு மறக்க முடியாததாக்கியது. அதே பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, நீ ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வியக்கிறான். நான் நல்லவன் என்று நீ நம்பினாய், அதனால்தான் என்று தானே பதிலும் சொல்கிறான். மற்ற எல்லோரையும்விட உன்னைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும் என்கிறான். அதில் நடிப்பு இல்லை என்று நான் நம்புகிறேன். அவனுக்கு உண்மையிலேயே ஒரு சிநேகிதன் வேண்டியிருக்கிறது. தன்னை நம்புகிற ஒருவன் கிடைத்த மகிழ்ச்சி அந்தக் குரலில் இருக்கிறது. கிடைத்தவனைக் கொன்றுவிட்ட பிறகும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. அடுத்து வரப்போகிறவனிடம் வேறு ஒரு பெயரைச் சொல்லித் தொலைபேசியில் பேசுகிறான்.

2017-இல் இரண்டாம் பாகம் வந்தபோது, இதையே மறுபடியும் காட்டுவீர்கள் என்று பயந்திருந்தேன். நீங்கள் தலைகீழாக்கிவிட்டீர்கள். அவன் இப்போது தன்னை ஆரன் என்று சொல்லிக்கொள்கிறான். பிடித்தவனின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். நாற்பது வயதின் சலிப்பு. கொலையில் பழைய உற்சாகம் இல்லையாம். டெசிரே அக்கவன் நடித்த சாராவிடம் முதலிலேயே நான் தொடர் கொலைகாரன் என்று சொல்லிவிடுகிறான். அவள் நம்பவில்லை, நம்பினாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள், ஏனென்றால் பார்ப்பதற்கு ஆளில்லாமல் தவிக்கிற தன் இணையத் தொடருக்கு ஒரு நல்ல மனிதர் கிடைத்துவிட்டார். ஆரனைக் கட்டிப்போட்டது கூலியும் தாட்சண்யமும். சாராவிடம் தாட்சண்யம் கிடையாது. அவன் ஒளிந்திருந்து கத்துகிறான், அவள் அசையவில்லை. கூச்சப்பட வைக்க அவன் ஆடையைக் களைகிறான், பதிலுக்கு அவளும் களைகிறாள். அவன் தடுமாறுகிற அந்த நொடிகளில் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவனுடைய திறமை எவ்வளவு தூரம் எதிராளியின் நாகரிகத்தைச் சார்ந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல நிரூபணம் இல்லை. இரண்டாம் பாகம் முதலாவதைவிடப் பயம் குறைந்தது, ஆனால் ஜோசஃபைப் புரிந்துகொள்ள அது இல்லாமல் முடியாது.

இப்போது என் வேண்டுகோள்.

இத்தனை மணி நேரத்தில் அவன் தன்னைப் பற்றிச் சொன்ன எதையும் நாம் நம்ப முடியாது. பெயர் பொய். நோய் பொய். மனைவி பொய், மகன் பொய். ஒரு கதைக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறதே தவிர, அடியில் கால் ஊன்ற ஒரு தரை கிடையாது. தயவு செய்து அந்தத் தரையைப் போட்டுவிடாதீர்கள். திகில் படங்களின் வரலாற்றில் இது பலமுறை நடந்திருக்கிறது. 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தில் மைக்கேல் மையர்ஸ் என்ற சிறுவன் ஒரு காரணமும் இல்லாமல் அக்காவைக் கொன்றான், அந்தக் காரணமின்மைதான் உலகத்தைப் பயமுறுத்தியது. 2007-இல் வந்த மறுஆக்கம் அவனுக்கு ஒரு மோசமான குடும்பத்தையும் துன்பமான பிள்ளைப் பருவத்தையும் கொடுத்தது. அதே ஆண்டு ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தின் கொலைகாரன் ஹானிபல் லெக்டருக்கும் திரையில் ஒரு பிள்ளைப் பருவம் காட்டப்பட்டது. இரண்டையும் பார்த்து முடித்தபோது எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் வந்தது, பயம் போயிருந்தது. காரணம் தெரிந்த ஒருவனிடமிருந்து ஒதுங்கிக்கொள்வது சுலபம்: இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன், இப்படிப்பட்ட அடிபட்டவன், நமக்குத் தெரிந்த யாரும் அப்படி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஜோசஃபை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. அவன் எந்த விளம்பரத்துக்குப் பின்னாலும் இருக்கலாம்.

2024-இல் ‘தி க்ரீப் டேப்ஸ்’ தொடராக வந்தபோது, அந்த அலமாரியிலிருந்து நாடாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டுகிறீர்கள் என்ற எண்ணமே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் அவனுடைய அம்மா வந்து நின்றபோது எனக்குக் கை கால் உதறியது. இதோ, காரணம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாருக்கும் அம்மா இருப்பாள். அவளை வைத்து அவனுக்கு ஒரு நோய்ச் சீட்டு எழுதாமல் இருந்தால் போதும். நீங்கள் விளிம்புவரை போயிருக்கிறீர்கள். அங்கிருந்து இனி ஓர் அடிகூட முன்னால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏஞ்சலாவை மறுபடி அழைத்து வந்து நடந்ததையெல்லாம் விளக்கமாகச் சொல்ல வைக்க வேண்டாம். மருத்துவர் வேண்டாம், பழைய கோப்பு வேண்டாம்.

தொடரைப் பற்றி இன்னொன்றும் மனதில் இருக்கிறது. அரை மணி நேரம் ஜோசஃபுக்குப் போதாது. கோடரிக்கு அது தாராளம். தாட்சண்யம் வளர்வதற்கு நேரம் வேண்டும். ஆரன் காலையில் வந்தான், இரவுவரை இருந்தான், அந்த நீண்ட பகலில் அவன் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றும் எனக்குக் கணக்கில் இருக்கிறது. தொடரில் வருகிறவர்கள் சாகத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே பார்க்கிறோம், அவர்களைப் பழகிக்கொள்வதற்குள் முடிந்துவிடுகிறது. ஜோசஃப் மனிதர்களை ரசிக்கிறவன். அவன் ரசிக்கிற அளவுக்காவது நாங்களும் அவர்களோடு இருக்க வேண்டாமா? சில பகுதிகளில் அவன் தன்னுடைய கோமாளித்தனத்தில் தானே மயங்கிப் போகிறான் என்றும் தோன்றியது. சிரிக்க வைப்பது அவனுக்கு ஒரு தூண்டில்தான். சிரிப்பு முடிந்த பிறகு வருகிற அந்த அரை விநாடி இல்லாமல் போனால் அவன் வெறும் வேடிக்கை ஆளாகிவிடுவான்.

மூன்றாவது படம் எடுப்பது பற்றி நீங்கள் பேசி வருகிறீர்கள். எடுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் காத்திருக்கிறோம். பெரிய பட்ஜெட் கிடைத்தாலும் ஒரே கேமராவோடு நிற்பீர்கள் என்று நம்புகிறேன். பின்னணி இசை சேர்க்காதீர்கள். கேமரா தூக்குகிற அந்த அடுத்த ஆளுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், அவன் அல்லது அவள் என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்று எங்களுக்குத் தெரியட்டும். ஜோசஃப் யார், எங்கிருந்து வந்தான், யார் அவனை இப்படி ஆக்கினார்கள் என்று பேட்டிகளில் உங்களைக் கேட்பார்கள். மார்க், அப்போதெல்லாம் நீங்கள் புதிதாக ஒரு பொய்யைச் சொல்லுங்கள். முந்தின பொய்யோடு அது ஒத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிகுந்த அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் ரசிகை, கேமராக்காரி